ரயில் பாதை முடியும் ஊரில் ஒரு ரக்பி கிளப்

2011இல் இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு ரக்பி இறுதிப் போட்டியில் கார்னிஷ் பைரேட்ஸைத் தோற்கடித்துவிட்டு வூஸ்டர் வாரியர்ஸ் முதல் அடுக்குக்குப் போனது. மறு ஆண்டு அதே இறுதிப் போட்டியில் அதே பைரேட்ஸைத் தோற்கடித்துவிட்டு லண்டன் வெல்ஷ் போனது. லண்டன் வெல்ஷ் 2016 டிசம்பரில் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. வூஸ்டர் 2022இல் 25 மில்லியன் பவுண்டுக்கு மேற்பட்ட கடனோடு திவாலானது. இரண்டு முறையும் தோற்றுப்போன பைரேட்ஸ் மட்டும் இன்றும் பென்சான்ஸ் நகரில், கடற்காற்று அடிக்கும் அதே மெனே மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னவுடன் சிலர் தலையை ஆட்டி, போதும் என்ற மனம் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு இங்கே இடமில்லை. பைரேட்ஸும் மேலே போகத்தான் துடித்தது. அதற்காகச் சொந்த ஊரையே விட்டு ஐந்து ஆண்டுகள் வெளியூர்களில் ஆடியது. பல ஆண்டுகள் ஓர் அரங்கத்துக்காகக் காத்திருந்தது. அடக்கத்தால் தப்பித்த கதை இல்லை இது. கதவு சாத்தப்பட்டதால் வெளியே நின்றவர்கள், வீட்டுக்குள் கூரை இடிந்து விழுந்ததைப் பார்த்த கதை.

கிரிக்கெட்டும் கால்பந்துமே பழகிய வாசகர்களுக்காகச் சுருக்கமாக: பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் இங்கிலாந்தின் உச்ச அடுக்கு பிரீமியர்ஷிப். இப்போது அதில் பத்து அணிகள். அதற்கு அடுத்த அடுக்கு 2009 முதல் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் நடந்தது. 2025இல் பதினான்கு அணிகளோடு சாம்ப் ரக்பி என்று பெயர் மாற்றிக்கொண்டது. மேல் அடுக்கில் தொலைக்காட்சிப் பணம், தேசிய அணி வீரர்கள், பெரிய அரங்கங்கள். கீழ் அடுக்கிலோ, முழுநேர ஆட்டக்காரர்களும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களும் ஒரே களத்தில் மோதிக்கொள்வார்கள். இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் இருப்பது ஒரு படி அல்ல, ஒரு பள்ளம்.

நான் வசிப்பது பிளிமத்தில். என் ஊர் அணியான பிளிமத் ஆல்பியன் 2015இல் மூன்றாம் அடுக்குக்கு இறங்கிய பிறகு, கொஞ்சம் நல்ல ரக்பி பார்க்க வேண்டுமென்றால் டேமர் ஆற்றைக் கடந்து மேற்கே போக வேண்டியதாயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார்ன்வால். லண்டன் பாடிங்டனில் புறப்படும் ரயில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடிக் கடைசியாக நிற்கும் இடம் பென்சான்ஸ். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கடல். கடலோர நடைபாதையில் நியூலின் துறைமுகத்தை நோக்கி நடந்தால் அரை மணிக்குள் மைதானம் வந்துவிடும். இருபதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊரில், அவ்வளவு தள்ளி, ஒரு தொழில்முறை விளையாட்டுக் கிளப் இருப்பதே ஆச்சரியம்.

தொலைவு என்பதை இந்தக் கிளப் விஷயத்தில் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த லீக்கில் பைரேட்ஸுக்கு மிக அருகில் இருக்கும் எதிரணிகளில் ஒன்று குளோஸ்டர்ஷயரின் ஹார்ட்பரி. அதுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். யார்க்ஷயரில் இருக்கும் டான்காஸ்டருக்குப் போவதென்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும். ஒரு பருவத்தில் பாதி ஆட்டங்கள் வெளியூரில். மற்ற கிளப்புகள் இந்த நெடும்பயணத்தை ஆண்டுக்கு ஒரு தடவை செய்துவிட்டு, அதைப் பற்றி ஒரு மாதம் அலுத்துக்கொள்ளும். பைரேட்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்கிறது. பஸ் வாடகை, ஹோட்டல் அறை, சாப்பாடு எல்லாம் டிக்கெட் விற்ற காசில் இருந்து வர வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே செலவுக் கணக்கில் மற்றவர்களைவிட ஒரு பத்தி கூடுதல்.

கிளப்பின் பிறப்பே ஒரு சமாதான உடன்படிக்கை போன்றது. பென்சான்ஸ் ரக்பி கிளப் 1876இல் தொடங்கியது. பக்கத்திலேயே இருக்கும் மீன்பிடி ஊரான நியூலினுக்குத் தனி கிளப் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே ஊர். ஆட்களிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1896 மே மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். நியூலின் மீனவர்கள் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பக்தர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கிழக்கே லோஸ்டாஃப்டில் இருந்து வந்த படகுகள் ஞாயிறும் மீன் பிடித்துத் திங்கட்கிழமைச் சந்தையை அள்ளிக்கொண்டன. ஆத்திரமடைந்த நியூலின்காரர்கள் அந்தப் படகுகளில் ஏறி மீனையெல்லாம் கடலில் கொட்டினார்கள். கலவரம் வெடித்தபோது பென்சான்ஸ் ஆட்கள் நின்றது வெளியூர்க்காரர்கள் பக்கம். அடக்குவதற்கு நூற்றுக்கணக்கான சிப்பாய்களை ரயிலில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், இந்த இரண்டு ஊர்களின் கிளப்புகளும் ஒன்றாகி பென்சான்ஸ் அண்ட் நியூலின் என்ற பெயரில் களம் இறங்கின. பேரப்பிள்ளைகள் ஒரே சட்டை போட்டுக்கொண்டார்கள். சண்டையை மறந்தார்களா என்பது வேறு விஷயம்.

நியூலினைப் பற்றி ஒரு கிளைத்தகவல். பிரிட்டன் வரைபடங்களில் ஒரு மலையின் உயரம் இத்தனை மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த அளவு தொடங்கும் பூச்சியம் நியூலின் துறைமுகத்தில் இருக்கிறது. 1915 முதல் 1921 வரை அங்கே அலை ஏற்ற இறக்கத்தை அளந்துதான் நாட்டின் சராசரிக் கடல்மட்டத்தை நிர்ணயித்தார்கள். நாட்டின் உயரங்களையெல்லாம் இந்த ஊரில் இருந்து அளக்கிறார்கள். இந்த ஊரின் அணிக்கு ஓர் அடுக்கு உயர வழியில்லை.

கார்ன்வாலில் ரக்பி வேர்பிடித்த விதத்தைச் சொல்லாமல் இந்தக் கிளப்பைச் சொல்ல முடியாது. இங்கே கால்பந்தைவிட ரக்பிக்குத்தான் மரியாதை. காரணம் சுரங்கம். கேம்போர்ன், ரெட்ரூத் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். இரண்டுமே தகரமும் செம்பும் தோண்டிய ஊர்கள். பூமிக்கடியில் வேலை பார்த்த தோள்களுக்கு, இரண்டு அணிகளும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம் புதிய வேலை இல்லை. 1908இல் கார்ன்வால் இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்கு, இடையிலான போட்டியில் சாம்பியன் ஆனது. அந்த வெற்றியால் லண்டன் ஒலிம்பிக்கில் கிரேட் பிரிட்டனின் பெயரில் ஆடும் வாய்ப்பு அந்த அணிக்கே கிடைத்தது. போட்டிக்கு வந்தவை மொத்தம் இரண்டே அணிகள். ஆஸ்திரேலியாவிடம் 32-3 என்று தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள். ஒரே ஆட்டம், அதுவும் தோல்வி, ஆனாலும் ஒலிம்பிக் பதக்கம்! கார்ன்வால்காரர்கள் இதை இன்றும் சிரிக்காமல் சொல்வார்கள்.

சுரங்கங்கள் மூட மூட, அந்த ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறினார்கள். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ. நமக்குத் தெரிந்த இடமும் உண்டு. கோலார் தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம், மேற்பார்வையாளர்களாகவும் சுரங்க நிபுணர்களாகவும் கார்ன்வால்காரர்களைக் கொண்டுவந்தது. அவர்களுக்குக் கீழே பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்தில் இருந்து போன தமிழர்கள். கேம்போர்ன் தெருக்களில் நடக்கும்போது இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. அந்த வீடுகளில் சிலவற்றுக்கு வந்த பணத்தில் நம் ஆட்களின் நுரையீரலும் கலந்திருக்கும். கேம்போர்ன் அருகே இருந்த சவுத் கிராஃப்டி சுரங்கம் 1998இல் மூடப்பட்டது, கோலார் 2001இல். ரக்பி மைதானங்கள் மட்டும் மூடவில்லை.

கவுண்டி அணிமேல் இருக்கும் பற்று எப்படிப்பட்டது என்பதற்கு 1991 இறுதிப் போட்டி ஒன்றே போதும். இங்கிலாந்து ரக்பியின் தலைமை அரங்கமான லண்டன் ட்விக்கனமில் யார்க்ஷயருக்கு எதிராகப் பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 29-20 என்று கார்ன்வால் வென்றது. 1908க்குப் பிறகு முதல் கோப்பை. கருப்பும் தங்கநிறமும் உடுத்திய பல்லாயிரக்கணக்கானோர் அன்று லண்டனுக்குப் போயிருந்தார்கள். தொழில்முறை ஆட்டம் வந்தபோது, இந்தப் பற்றை ஒரு கிளப்பின் பக்கம் திருப்ப முடியாதா என்று ஒருவர் யோசித்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஸ்டாக் ஸ்டீவன்ஸ். இயற்பெயர் பிரையன் ஸ்டீவன்ஸ், விவசாயி. பென்சான்ஸ் அண்ட் நியூலின் ஆட்டக்காரர், இங்கிலாந்துக்காக 25 டெஸ்ட் ஆடினார். ஸ்க்ரமின் முன்வரிசைக்காரர். 1972இல் ஜோஹன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவை 18-9 என்று வென்ற இங்கிலாந்து அணியில் இருந்தார். 1973இல் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நியூசிலாந்தை 16-10 என்று வென்றபோது ஒரு டிரை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்து எடுக்கும் புள்ளி, அவருடையது. ஈடன் பார்க்கில் இங்கிலாந்து ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்பது ரக்பி பார்ப்பவர்களுக்குத் தெரியும். பணம் வாங்காத காலம் அது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது என்பதால், நிலத்தை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயமும் கிடையாது. 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை ஆனதும் அந்தச் சலுகை போய்விட்டது. நியூலின் மீனவக் குடும்பத்தில் பிறந்த ஜாக் நோவெல் இங்கிலாந்து அணிக்குப் போன வழி எக்ஸிட்டர் வழி. திறமை இருக்கும் பையன் இன்று கிழக்கே போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1990களில் கிளப்பின் நிலை பரிதாபம். லீக் முறை வந்தபோது வட்டார அளவிலான தாழ்ந்த அடுக்குகளில் சிக்கிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தியவர், பிறகு வருகிறேன் என்று சொன்ன அந்த ஒருவர், டிக்கி எவன்ஸ். கென்யாவில் பூவும் காய்கறியும் விளைவித்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்து செல்வம் சேர்த்தவர். அவருடைய பணத்தில் கிளப் அடுக்கடுக்காக ஏறியது. 2003இல் இரண்டாம் அடுக்கை எட்டிவிட்டது. உரிமையாளரான அவருடைய கனவு இதோடு நிற்கவில்லை. பென்சான்ஸுக்கு மட்டுமான அணியாக இல்லாமல் கார்ன்வால் முழுவதற்குமான அணியாக வேண்டும். அந்த அணி பிரீமியர்ஷிப்பில் ஆட வேண்டும். பென்சான்ஸ் அண்ட் நியூலின் என்ற பெயர் விடைபெற்றது. பெயர்ப்பலகையில் கார்னிஷ் பைரேட்ஸ் ஏறியது.

பெயரோடு நிற்காமல் ஊரும் மாறியது. 2005இல் கவுண்டியின் தலைநகரான ட்ரூரோவுக்குப் போய் ஒரு பருவம் ஆடினார்கள். அடுத்து கேம்போர்னின் ரிக்ரியேஷன் மைதானத்தில் நான்கு பருவங்கள். நடுவாந்தரமான இடத்தில் ஆடினால் கவுண்டி முழுவதிலிருந்தும் ரசிகர்கள் வருவார்கள் என்பது கணக்கு. இந்தக் கணக்கில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. கேம்போர்ன்காரனுக்குக் கேம்போர்ன் அணி இருக்கிறது, ரெட்ரூத்காரனுக்கு ரெட்ரூத். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் உள்ளூரில் ஒரு திருவிழா. கவுண்டி அணிக்காக ஒன்று கூடுகிறவர்கள் சனிக்கிழமைதோறும் இன்னொரு ஊரின் கிளப்புக்காகவும் கூடுவார்கள் என்று எதிர்பார்ப்பது, திருமணத்துக்கு வந்த உறவினர்கள் தினமும் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று உலை வைப்பது போல. ஆனால் ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. பைரேட்ஸின் மிகப் பெரிய வெற்றிகள் இரண்டும் இந்த நாடோடிக் காலத்தில்தான் வந்தன.

முதலாவது 2007 ஏப்ரல், ட்விக்கனம். பிரீமியர்ஷிப்புக்குக் கீழே இருக்கும் கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரணி எக்ஸிட்டர் சீஃப்ஸ். பைரேட்ஸ் 19-16 என்று வென்றது. இரண்டாவது 2010 மே, கேம்போர்ன். அந்தப் பருவத்தில் புதிதாகத் தொடங்கிய பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் கோப்பையின் இறுதி. எதிரணி அயர்லாந்தின் மன்ஸ்டர்; ஐரோப்பாவையே இரண்டு முறை வென்ற கிளப்பின் பெயரைத் தாங்கி வந்த அணி. 23-14. தகர ஊரின் மைதானத்தில் மன்ஸ்டர் தோற்றது என்பது அங்கே இன்றும் சலிக்காத பேச்சு.

எக்ஸிட்டரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2007இல் இரண்டு கிளப்புகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. மூன்றே புள்ளி வித்தியாசத்தில் தோற்ற எக்ஸிட்டர், 2010இல் பிரிஸ்டலை வென்று பிரீமியர்ஷிப்புக்குப் போனது. 2017இல் இங்கிலாந்தின் சாம்பியன். 2020இல் இங்கிலாந்துக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் ஒரே பருவத்தில். வென்றவன் அங்கேயே நிற்க, தோற்றவன் உச்சிக்குப் போனான். ஏன்? ஆட்டக்காரர்களிலும் பயிற்சியாளர்களிலும் காரணம் தேடலாம். ஓரளவுக்கு உண்மையும் இருக்கும். என் பதில் சுருக்கமானது: சாண்டி பார்க். எக்ஸிட்டர் கிளப் 2006இல் நகரத்துக்குள் இருந்த பழைய மைதானத்தைக் கைவிட்டு, நெடுஞ்சாலை ஓரமாகச் சொந்த அரங்கம் கட்டிக் குடியேறியது. கூடவே மாநாட்டுக் கூடங்கள். வார நாட்களில் கல்யாணமும் கம்பெனிக் கூட்டமும் நடந்து சம்பாதித்துக் கொடுத்தன. சனிக்கிழமை ரக்பி அதைச் செலவழித்தது. பைரேட்ஸிடம் ஆட்டம் இருந்தது, ரசிகர் இருந்தார்கள், பணக்காரர் ஒருவர் இருந்தார். செவ்வாய்க்கிழமை சம்பாதித்துத் தரும் கட்டடம் இல்லை.

2010இல் பைரேட்ஸ் மெனே மைதானத்துக்கே திரும்பியது. அடுத்த இரண்டு பருவங்களும் அணி அபாரமாக ஆடியது. 2011இல் இறுதிப் போட்டி, 2012இல் மறுபடியும் இறுதிப் போட்டி. 2012 கதையில் கசப்பு அதிகம். பிரீமியர்ஷிப்புக்குப் போக ஆட்டத்தில் வென்றால் மட்டும் போதாது. அன்றைய விதிப்படி அரங்கத்தில் 10,001 பேருக்கு இடம் வேண்டும், இன்னும் பல நிபந்தனைகள். மெனேயில் நாலாயிரம் சொச்சம் பேர் நிற்கலாம். எதிரணியான லண்டன் வெல்ஷ், ஆக்ஸ்ஃபோர்டில் வாடகைக்கு எடுத்த கால்பந்து அரங்கத்தைக் காட்டியது. அதுவும் தகுதி பெறாது என்ற முடிவு இறுதிப் போட்டி நடக்கும் நாட்களிலேயே வெளியானது. அதாவது, பதவி உயர்வுக்கான இறுதிப் போட்டியில், பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஓர் அணியும், தகுதியே இல்லாத இன்னோர் அணியும் மோதிக்கொண்டிருந்தன. லண்டன் வெல்ஷ் வென்றது, மேல்முறையீடு செய்தது, ஜூன் இறுதியில் அதிலும் வென்று மேலே போனது. அதற்கு இடம் கொடுக்க, மேல் அடுக்கில் இருந்த நியூகாசில் கீழே தள்ளப்பட்டது. பைரேட்ஸ் ஜெயித்திருந்தால் மேல்முறையீட்டில் காட்ட ஒரு வாடகை அரங்கம்கூட இருந்திருக்காது. கார்ன்வாலில் அந்த அளவில் எதுவுமே இல்லை.

மேலே போன லண்டன் வெல்ஷ் என்ன ஆனது? 2013இல் இறங்கியது. 2014இல் மறுபடியும் ஏறியது. 2014-15 பருவத்தில் 22 ஆட்டங்கள், 22 தோல்விகள். உச்ச அடுக்கில் புதிதாக நுழைகிறவனுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் முழுப் பங்கு கிடைக்காது. செலவு மட்டும் முழுச் செலவு. ஏறுவதற்கு வாங்கிய கடன், நிற்பதற்கு வாங்கிய கடன், இறங்கிய பிறகு வட்டி. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் கதை முடிந்தது.

அரங்கக் கனவு பைரேட்ஸை விடவில்லை. ட்ரூரோவின் புறநகரில் லாங்கார்த் என்ற இடத்தில் 'கார்ன்வாலுக்கான அரங்கம்' கட்டுவதாகத் திட்டம். பைரேட்ஸ், ட்ரூரோ சிட்டி கால்பந்துக் கிளப், உள்ளூர்க் கல்லூரி என்று கூட்டாளிகள். திட்ட அனுமதி கிடைத்தது, காலாவதி ஆனது, மாற்றி வரையப்பட்டது. 2018இல் கார்ன்வால் கவுன்சில் 3 மில்லியன் பவுண்டு தருவதாக வாக்களித்தது. அதே அளவு மத்திய அரசு போட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். லண்டனில் இருந்து அமைச்சர்கள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்; பணம் வரவில்லை. கடைசியில் பைரேட்ஸ் கனவைக் கைவிட்டது. அந்தப் பகுதியில் 2024இல் ட்ரூரோ சிட்டிக்காகக் கால்பந்து அரங்கம் ஒன்று எழுந்தது. பைரேட்ஸ் அங்கே குடியிருக்கவில்லை.

இதற்கிடையில் 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி சங்கம் இரண்டாம் அடுக்குக் கிளப்புகளுக்குத் தரும் நிதியை ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. அடுத்த மாதமே கொரோனா. சங்கத்தின் வாதம் என்னவென்றால், இந்த அடுக்கு தேசிய அணிக்குப் போதிய ஆட்டக்காரர்களை உருவாக்கவில்லை, போட்ட பணத்துக்குப் பலன் இல்லை. எனக்கு இந்த வாதம் பிடிபடவே இல்லை. பிரீமியர்ஷிப் கிளப்புகளின் இளைஞர்கள் வளர்ந்தவர்களோடு மோதக் கற்றுக்கொள்வது இந்த மைதானங்களில்தான். எக்ஸிட்டரில் இடம் கிடைக்காத இருபது வயதுப் பையன்கள் கடனாக பென்சான்ஸுக்கு வந்து, சேற்றில் புரண்டு, தயாராகித் திரும்புகிறார்கள். தயாரித்துக் கொடுத்தவனுக்குப் பெயர் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டவன் கணக்கில் அது வரவு.

2021 மார்ச் 6. ஊதிய வரம்பை மீறியதற்காக இரண்டாம் அடுக்குக்குத் தள்ளப்பட்ட சரசென்ஸ், அந்த அடுக்கில் தன் முதல் லீக் ஆட்டத்துக்கு மெனே மைதானத்துக்கு வந்தது. மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப். பெருந்தலைகள் சிலர் தேசிய அணிப் பணியில் இருந்தார்கள் என்றாலும் சரசென்ஸ் சரசென்ஸ்தான். பைரேட்ஸ் 25-17 என்று வென்றது. தொற்றுக் கட்டுப்பாடு காரணமாக உள்ளே ஒரு ரசிகர்கூட இல்லை. கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய லீக் வெற்றி என்று சொல்லத்தக்க ஆட்டத்தை ஊர் முழுக்கக் கணினித் திரையில் பார்த்தது. நானும் அப்படித்தான் பார்த்தேன். கடைசி விசிலுக்குப் பிறகு எழுந்து நின்று கத்திய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

அந்தப் பருவ முடிவில் சரசென்ஸ் மேலே திரும்பியது. அதற்குப் பிறகு வந்த பருவங்களில் கதவு திறக்கவில்லை. 2022இல் இரண்டாம் அடுக்கில் முதலிடம் பிடித்த ஈலிங்குக்கு அரங்கம் சிறியது என்று அனுமதி மறுத்தார்கள், 2024இலும் மறுத்தார்கள். 2023இல் ஜெர்சி ரெட்ஸ் சாம்பியன் ஆனது. மேலே போக வழியில்லை. சில மாதங்களில், அதே ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள், பணம் தீர்ந்து கடையைக் கட்டிவிட்டது. கோப்பை வென்ற கையோடு ஒரு கிளப் காணாமல் போவதை வேறு எந்த விளையாட்டிலாவது பார்த்திருக்கிறோமா? மேல் அடுக்கிலும் நிலைமை அழகாக இல்லை. வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்று ஓராண்டுக்குள் மூன்று பழைய கிளப்புகள் விழுந்தன. பத்தாயிரத்து ஒருவருக்கு இருக்கை வைத்திருப்பதே நிதி ஒழுங்குக்குச் சான்று என்று நினைத்த நிபந்தனைகள், அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லை.

எனவே "பைரேட்ஸ் எப்போது மேலே போகும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். நெடுங்காலம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: டிக்கி எவன்ஸ். அவருடைய தாராளத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் இந்தக் கிளப்பைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ஒற்றை மனிதரின் பையை நம்பிய கிளப், அவர் வயதாகும் வேகத்தில்தானே வயதாகும்? தன் பங்களிப்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளப் போவதாக அவர் அறிவித்தபோது ஊரில் அதிர்ச்சியைவிட, வரவேண்டியது வந்துவிட்டது என்ற உணர்வே மேலோங்கியிருந்தது. அதிலிருந்து கிளப் உள்ளூர் வணிகர்களிடமும் ரசிகர்களிடமும் புதிய முதலீட்டாளர்களிடமும் கதவு தட்டிக்கொண்டிருக்கிறது. அணியின் அளவையும் செலவையும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டியிருக்கிறது.

களத்தில் அது அவ்வளவாகத் தெரியவில்லை என்பது பெரிய விஷயம். முன்பு இதே அணியில் ஆடிய ஆலன் பேவரும் கேவின் கேட்டிலும் பல ஆண்டுகள் இணைந்து பயிற்சி கொடுத்தார்கள். பேவர் முன்வரிசைக்காரர், கேட்டில் ஸ்க்ரமில் இருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப். அவர்கள் வார்த்த பாணி பென்சான்ஸ் வானிலைக்கு ஏற்றது: முன்வரிசையில் பலம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நெருக்கித் தள்ளும் பொறுமை, எதிரணி பஸ்ஸில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்த கால்களோடு இருக்கிறது என்ற தெளிவான நினைவு. அழகான ரக்பி என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரி மாதத்தில் தென்மேற்கில் இருந்து மழை சாய்வாக அடிக்கும்போது அழகான ரக்பி ஆட முயன்ற விருந்தாளி அணிகள் எத்தனையோ வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன.

2025 பருவத்தில் லீக் விரிவடைந்தபோது புதிதாக வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் வூஸ்டர் வாரியர்ஸ். புது உரிமையாளர்கள், சிக்ஸ்வேஸ் என்ற அதே பெரிய அரங்கம், மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மறுபிறப்பு. பென்சான்ஸில் அவர்களை வரவேற்றதில் கிண்டலும் இருந்தது, உண்மையான மகிழ்ச்சியும் இருந்தது. பெரிய கிளப் வந்தால் டிக்கெட் விற்கும். மதுக்கடை வருமானம் கூடும். இன்னும் ஒன்று: வேலை இழந்த வூஸ்டர் ஆட்டக்காரர்களையும் ஊழியர்களையும் நினைத்து 2022இல் யாரும் இங்கே கைதட்டவில்லை. அடுத்தது நாமாக இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதிப் பிற்பகல்களில் நடக்கும். கூரையுள்ள இருக்கைகள் குறைவு என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். குடை வேண்டாம், காற்று விடாது. முழங்கால் வரை மறைக்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நின்று பார்க்கும் பக்கத்தில் இடம் பிடித்தால் அங்கே உள்ளவர்கள் விதிகளைக் கேட்காமலேயே விளக்குவார்கள். பாதி நடுவரைத் திட்டுவதாக இருக்கும். கிழக்கே திரும்பும் மாலை ரயில்களின் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் இன்னும் கவனம் தேவை. தவறவிட்டால் பென்சான்ஸில் அறை எடுக்க வேண்டியதுதான், கோடைக்காலத்தில் அது மலிவாகக் கிடைக்காது.